ஒரு சாண் வடக்கே

மகனே, உனக்கும் உன் வீட்டில் உள்ளவர்களுக்கும் ஸலாம். கவரைப் பிரித்ததும் பள்ளிவாசலின் பழைய வரைபடத்தைத்தான் தேடியிருப்பாய். அது இதில் இல்லை. "அத்தா, பழைய ப்ளான் உங்ககிட்டதான் இருக்குன்னு சுல்தான் மாமா சொன்னாங்க. ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, அதே கோட்டுல புதுசு வரைஞ்சிடறேன்" என்று நீ சென்னையிலிருந்து போன் செய்து பன்னிரண்டு நாள் ஆகிறது. தேடுகிறேன் என்றேன், பீரோ மேலே எட்டவில்லை என்றேன், கண்ணாடி உடைந்துவிட்டது என்றேன். வரைபடம் எங்கும் போகவில்லை. இதை எழுதும் மேசையிலேயே சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கிடக்கிறது. அனுப்பத்தான் கை வரவில்லை. காரணத்தைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். முயன்றேன். "அத்தா, லைன்ல இருக்கீங்களா?" என்று நீ இரண்டு முறை கேட்டாயே, அன்றைக்குத்தான்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு புலம்புகிறேன். நம் பள்ளிவாசலின் கிப்லா, தொழ நிற்கும் திசை, தப்பு. கஃபா இருக்கும் திசையை விட்டு வடக்கே பதினெட்டு டிகிரி தள்ளி நிற்கிறது. கையை முன்னால் நீட்டி, விரல்களை விரித்துச் சாண் வைத்துப் பார். கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே எவ்வளவு வானம் தெரிகிறதோ, ஏறக்குறைய அவ்வளவு. அந்தக் கோட்டைப் போட்டவன் நான். அது தப்பு என்று எனக்குத் தெரிந்து பதினாறு வருடம் ஆகிறது. ஜமாஅத்தில் ஒருவரிடமும் நான் சொல்லவில்லை.

நீ பிறப்பதற்கு முந்தைய வருடம் அது. மந்தாரக்குப்பத்தில் அப்போது நமக்கென்று பள்ளி கிடையாது. சுல்தான் பாய் கடைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில்தான் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை. கடைக்காரர்கள், சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர்கள், டவுன்ஷிப் குவார்ட்டர்ஸிலிருந்து சைக்கிளில் வரும் என்னைப் போன்ற பெர்மனென்ட்காரர்கள், எல்லாரும் சேர்ந்தால் கொட்டகை கொள்ளாது. வெயில் நாளில் நெற்றியை வைத்தால் பாய் சுடும். ஒரு முந்திரித் தோப்பின் ஓரத்தில் இடம் அமைந்தபோது, முன்பக்கம் பள்ளி, பின்பக்கம் மையவாடி என்று முடிவானது. அடக்கம் செய்யக்கூட அதுவரை வெளியூர் போய்க்கொண்டிருந்தோம். திசையைக் குறித்துத் தருவது யார் என்று பேச்சு வந்தபோது யாரும் யோசிக்கவே இல்லை. "நம்ம பாய் மைன்ஸ்ல சர்வேயரு. அவரு புடிச்ச கோடு நூலு பெசகாது" என்றார் சுல்தான் பாய். எனக்கு அன்று முப்பத்திரண்டு வயது. அந்தப் பேச்சைக் கேட்டு உடம்பு ஒரு சுற்றுப் பெருத்தவனாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

பள்ளிவாசல் என்றால் என்ன என்று நீ சின்ன வயதில் கேட்டிருக்கிறாய். மினாரா இருக்கும் கட்டிடம் என்று சொல்லி முடித்துவிட்டேன். அது அரைகுறைப் பதில். நபிகள் நாயகம் மதீனாவில் கட்டிய பள்ளிக்கு மினாராவும் இல்லை, குவிமாடமும் இல்லை. பேரீச்ச மரத்தைத் தூணாக நட்டு, ஓலையைக் கூரையாகப் போட்டது. மழை பெய்தால் தரை சேறாகும், அந்தச் சேற்றிலேயே நெற்றி வைத்தார்கள். தொழுகையும் அங்கேதான், பாடமும் அங்கேதான், வழக்கும் சமாதானமும் அங்கேதான். போக்கிடம் இல்லாதவர்கள் அதன் ஒரு மூலையில் படுத்துக்கொண்டார்கள். அழகெல்லாம் பிறகு அந்தந்த நாட்டுக் கொத்தனார்கள் கொண்டுவந்தது. நம் கடற்கரை ஊர்களின் பழைய பள்ளிகளில் கோயில் மண்டபம் மாதிரியே கல் தூண்கள் இருப்பதை நீயே பார்த்து எனக்குச் சொன்னாய். சுவர் இல்லாமல் பள்ளி இருக்கலாம், கூரை இல்லாமல் இருக்கலாம். திசை மட்டும் இருந்தாக வேண்டும். ஊர் என்னிடம் ஒப்படைத்தது அந்த ஒன்றைத்தான்.

தப்பு எப்படி நேர்ந்தது என்பதை உன்னிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும், நீயும் வரைபடம் போட்டுச் சாப்பிடுகிறவன். சுரங்கத்துக்குள் நாங்கள் வேலை செய்த வடக்கு, உலகத்தின் வடக்கு இல்லை. பழுப்பு நிலக்கரி கிடக்கும் வாக்கிலும் இயந்திரம் நகரும் வாக்கிலும் ஒரு கட்டத்தைப் போட்டுக்கொண்டு, அதன் மேல்நோக்கிய கோட்டை 'மைன்ஸ் வடக்கு' என்று வைத்துக்கொள்வோம். எங்கள் கணக்கெல்லாம் அந்தக் கட்டத்துக்குள். வெளியே எதையாவது அளக்கப் போனால் மட்டும் பதினெட்டு டிகிரியைக் கழித்துக்கொள்ள வேண்டும். பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே அது ஒரு வரியாக எழுதியிருக்கும். முந்திரித் தோப்புக்குப் பக்கத்தில் எங்கள் சர்வே கல் இரண்டு இருந்தன. அவற்றின் கணக்கைப் பதிவேட்டிலிருந்து ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். எனக்கு வேண்டிய பக்கத்தை மட்டும்தான் பார்த்தேன். முதல் பக்கத்தைத் திருப்பவில்லை. எந்நேரமும் கட்டத்துக்குள்ளேயே வாழ்கிறவனுக்குக் கட்டமே உலகம். முதல் ஷிப்ட் முடிந்து, சாப்பிடாமல் கொள்ளாமல், கோணம் அளக்கும் தியோடலைட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ஊரே கூடி நிற்கிறது. திண்டுக்கல் பக்கத்திலிருந்து உன் நன்னா வேறு வந்திருக்கிறார், மகன் கிப்லா குறிக்கிறதைப் பார்க்க. அவர் முன்னால் இரண்டாம் முறை கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. இது எவ்வளவு அற்பமான காரணம் என்று உனக்குத் தெரிகிறதா?

கட்டியது ராசவேலு கொத்தனார், பக்கத்து வடக்குத்து கிராமத்துக்காரர், உனக்கு நன்றாகத் தெரியும். முளை அடித்துக் கயிறு கட்டியதும் அவர் கயிற்றோடு ஒரு நடை நடந்துபோய், மேற்கே பார்த்து நின்றார். பிறகு என்னிடம் வந்து தலையைச் சொறிந்தார்.

"சார், தப்பா நெனைச்சிக்காதீங்க. நானும் ரெண்டு மசூதி கட்டியிருக்கறேன். இது ரொம்ப வடக்கால திரும்பிகினு இருக்குதுங்களே. ஆனி மாசத்துல கூட பொழுது அம்மாந்தூரம் போயி வுழுவாதுங்க."

"கொத்தனாரே, இது மிஷின் வச்சுப் பாத்தது. ஒங்க கண்ணு வச்சுப் பாத்தது இல்ல" என்றேன். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டார்.

இதில் என் முட்டாள்தனத்தின் மகுடம் எது தெரியுமா? கல்யாணம் ஆன புதிதில் உன் அம்மா குவார்ட்டர்ஸில் எந்தப் பக்கம் நின்று தொழுவது என்று கேட்டபோது, "ஆனி மாசம் பொழுது எங்க சாயுதோ, அந்தப் பக்கம் பாத்து நில்லு, போதும்" என்று சொன்னவனே நான்தான். ஜன்னலின் மூன்றாம் கம்பிக்கு நேராக அவள் பாயை விரிப்பாள். கடைசிவரை அந்தக் கம்பிதான் அவளுக்கு அடையாளம். கொத்தனார் சொன்னதும் அதே சூரியனைத்தான். எனக்கு உறைக்கவில்லை.

பள்ளி எழுந்தது. அது எப்படிப்பட்ட இடமாக ஆனது என்பதை நீ பார்த்தே வளர்ந்தாய். நோன்பு மாதத்தில் கஞ்சி வாங்கத் தூக்கோடு நிற்கும் வரிசையில் யார் எந்த மதம் என்று யாரும் கேட்டதில்லை. அந்திநேர மஃரிப் தொழுகை முடிந்து வெளியே வந்தால், வடக்குத்துப் பெண்கள் காய்ச்சல் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருப்பார்கள், ஓதி ஊதச் சொல்லி. பத்து வயதில் நீயும் பெரிய மனிதர் மாதிரி தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய், ஊது ஊது என்று ஊதி ராசவேலுவின் பேத்தியை வீறிட்டு அழவைத்தாய். பீகாரிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள் பெருநாளன்று போக வீடில்லாமல் உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள், உன் அம்மா சட்டியோடு பிரியாணி கொடுத்தனுப்புவாள். அவள் ஒரு நாளும் அந்தப் பள்ளிக்குள் காலெடுத்து வைத்ததில்லை. நம் பக்கத்தில் பெண்கள் போகிற வழக்கமில்லை. பாங்குச் சத்தம் கேட்டால் முக்காட்டை இழுத்துக்கொள்வாள், அவ்வளவுதான் அவளுக்கும் பள்ளிக்கும் உறவு. அந்தக் கட்டிடத்தைக் கடக்கும்போதெல்லாம் "உங்க அத்தா போட்ட கோடு" என்று உன்னிடம் சொல்லுவாள். நினைவிருக்கிறதா?

உனக்குப் பதினாலு வயதாகும்போது, மதரஸாவில் ஓதி முடித்த கையோடு ஒரு சின்ன வயது ஹஸ்ரத் இமாமாக வந்தார். மே மாதக் கடைசியில் ஒருநாள் பிற்பகல் சூரியன் கஃபாவுக்கு நேர் உச்சியில் நிற்கும், அந்த நிமிடம் எந்த ஊரில் கம்பு நட்டுப் பார்த்தாலும் நிழல் கிப்லாவைக் காட்டிக்கொடுக்கும் என்று கிதாபில் படித்திருக்கிறார். ஆசையாக என்னைத்தான் துணைக்குக் கூப்பிட்டார். நானும் உற்சாகமாக என் தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு போனேன். பள்ளி முற்றத்தில் முக்காலி வைத்து நூலைத் தொங்கவிட்டோம். தரையில் பதித்த கல்லின் கோடுகள் எல்லாம் இமாம் நிற்கும் மிஹ்ராபை நோக்கி ஓடும் அல்லவா? நிழல் அந்தக் கோடுகளோடு போகவில்லை. குறுக்கே வெட்டிக்கொண்டு விழுந்தது. பதினெட்டு டிகிரி. எனக்கு அளக்கவே தேவைப்படவில்லை. அந்த எண்ணைப் பார்த்ததும் எந்தப் பக்கத்தை நான் திருப்பாமல் விட்டேன் என்பது நினைவுக்கு வந்துவிட்டது.

"என்ன சார், இப்படி ஒதுங்கிப் போகுது?" என்றார் ஹஸ்ரத்.

"ஒங்க வாட்ச் எத்தனை நிமிஷம் லேட் ஹஸ்ரத்?" என்று கேட்டேன். பத்து நிமிடம் முன்பின் ஆனாலும் நிழல் அவ்வளவு விலகாது என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கடிகாரத்தைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்தார், பாவம். அடுத்த வருடம் வேறு ஊருக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு போனில் கிப்லா பார்க்கும் வசதி வந்தது. இளவட்டங்கள் காட்டிக் கேட்டார்கள். "கான்கிரீட்ல கம்பி இருக்கு, பக்கத்துல கரண்ட் லைன் போகுது, போன் காம்பஸ் இங்க ஏமாத்தும்" என்றேன். மைன்ஸ் சர்வேயர் சொன்னால் யார் மறுப்பார்கள்? இன்றுவரை அதைத்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்.

அந்த வாரத்திலிருந்து நான் வரிசையில் நிற்கும்போது உடம்பை மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பிக்கொள்ளத் தொடங்கினேன். "அத்தா, நீங்க மட்டும் ஏன் கோணலா நிக்கிறீங்க?" என்று நீ கேட்டாய். முட்டி வலி என்றேன். அன்று தொடங்கி நீ எனக்காகப் பட்ட பாடு கொஞ்சமா? முதல் சம்பளத்தில் முழங்கால் பட்டை வாங்கிவந்தாய். பிறகு எண்ணெய், பிறகு மாத்திரை, போன வருடம் எலும்பு டாக்டரிடமே கூட்டிப்போனாய். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று அவர் சொன்னதும், டாக்டர் சரியில்லை என்று நீ அவர்மேல் கோபப்பட்டாய். பட்டைகள் நான்கும் பீரோவில் கவர் பிரிக்காமல் இருக்கின்றன. என் முழங்காலுக்கு ஒன்றும் இல்லை மகனே. இரண்டும் கல்லுக்குண்டாக இருக்கின்றன.

இனி எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். ஆறு வருடம் முன்பு உன் அம்மா மவுத்தானாள். சந்தூக்குப் பெட்டியில் வைத்து அவளைத் தூக்கிப்போனோம். வாழ்நாளில் அன்றுதான் அவள் முதல் முறையாகப் பள்ளிவாசல் வாசலைத் தாண்டினாள். ஜனாஸா தொழுகை முடிந்து மையவாடிக்கு வந்தோம். நம் வழக்கம் உனக்குத் தெரியும், மய்யித்தை வலப்பக்கம் ஒருக்களித்து, முகம் கிப்லாவைப் பார்க்க வைக்க வேண்டும். அதனால் குழிக்கும் கோடு பார்த்துத்தான் வெட்டுவார்கள். பாங்கு சொல்லும் மோதினார் எப்போதும் பள்ளியின் பின்சுவருக்கு நேராகக் கயிறு பிடிப்பார். அன்றும் பிடித்தார். பிடித்துவிட்டு, வழக்கம்போல என்னைத்தான் பார்த்தார். "சார், கோடு சரிங்களா, ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க."

நீ பக்கத்தில்தான் நின்றாய், பாத்திஹா ஓதிக்கொண்டு. உன் கண்ணில் நீர் நிற்கவில்லை. சுற்றிலும் ஐம்பது அறுபது பேர், ஒவ்வொருவருக்கும் அந்த மண்ணில் ஒரு தகப்பனோ தாயோ பிள்ளையோ இருக்கிறது. தப்பு என்று நான் அந்த இடத்தில் சொன்னால் அத்தனை குழிகளும் தப்பு. சொல்லாவிட்டால் இவள் ஒருத்தி. அப்படித்தான் என் புத்தி கணக்குப் போட்டது. "சரிதான்" என்றேன். நீ குழிக்குள் இறங்கி அவளை வாங்கினாய். அவள் முகத்தை நீதான் திருப்பி வைத்தாய், உன் கையாலேயே, நான் சொன்ன பக்கம். உயிரோடு இருந்த நாளெல்லாம் ஜன்னல் கம்பியை வைத்துச் சரியான திசையில் தொழுதவளை, செத்த பிறகு நான் மாற்றிப் படுக்கவைத்தேன். அந்தச் 'சரிதானை' நான் தினமும் கேட்கிறேன். பாங்கு முடிந்த பிறகு கேட்கிறேன், பல் விளக்கும்போது கேட்கிறேன்.

நாற்பதாம் நாள் கழிந்து, உனக்குச் சொல்லாமல் லால்பேட்டைப் பக்கம் மார்க்கம் படித்த ஒரு ஆலிமைப் பார்க்கப் போனேன். என்னைவிட வயதில் சின்னவர். பெயர் ஊர் எதுவும் சொல்லாமல், யாருக்கோ நடந்ததைப் போலக் கேட்டேன். முழுவதும் கேட்டுவிட்டு, "பாய், கிப்லா இதுதான்னு நம்பித் தொழுதவங்க தொழுகை கூடும், வீணாகாது. நம்ம மத்ஹபுச் சட்டத்துல அந்த அளவு விலகுறதுக்கு இடமிருக்கு. கபரைத் தோண்டக் கூடாது, வச்சது வச்சதுதான், அல்லாஹ் அறிவான்" என்றார். எனக்கு மூச்சு வந்தது. எழுந்து செருப்பை மாட்டும்போது பின்னாலேயே வந்தார். "தெரிஞ்ச பிறகு வாயத் தொறக்காம இருக்காரே உங்க ஆளு, அதுக்கு மட்டும் என்கிட்ட பத்வா இல்ல பாய். அது தெசை சம்பந்தப்பட்டது இல்லியே." நான் பஸ் ஸ்டாண்டில் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது பழைய பள்ளியை இடிக்க முடிவாகிவிட்டது. சுவர் விரிசல் விட்டுவிட்டது, வெள்ளிக்கிழமைகளில் கூட்டம் ரோட்டில் நிற்கிறது, புதிதாக மாடி வைத்துக் கட்டப்போகிறார்கள். வரைபடம் நீ போடுகிறாய் என்றதும் ஊருக்கு எவ்வளவு சந்தோஷம்! போன வெள்ளிக்கிழமை சுல்தான் பாயிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானம் பண்ணிக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். பள்ளி நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி அவர்தான், அவரிடம் சொன்னால் எல்லாருக்கும் சொன்ன மாதிரி. டீ வாங்கிக் கொடுத்தார். "வர்ற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி ஜும்ஆ முடிஞ்சதும் அஸ்திவாரம். மொதல் கல்லு நீங்கதான் வக்கணும், மறுக்கக் கூடாது. ப்ளான் லேட்டானா பரவால்லீங்க, பழைய செவுத்துக்கு நேரா கயிறு புடிச்சி ஆரம்பிச்சிடலாம், ஒங்க கோடு இருக்கறப்ப என்னா கவல?" என்றார்.

"பாய், அந்தக் கோட்டப் பத்தித்தான்..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கேட்கவில்லை. கடைக்கு எதிரே பள்ளியின் மினாராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எம் பொண்ணு பர்வீன் அந்தப் பள்ளி நெழல்லதான் படுத்துருக்கா. ஒம்போது வயசுலயே போயிட்டா. வூட்ல இருக்கறவங்க இன்னிக்கும் சொல்லுவாங்க, புள்ள கிப்லாவப் பாத்துகினு தூங்கறா, விடுங்கன்னு. அந்த ஒரு வார்த்தையிலதான் பாய் நாங்க ரெண்டு பேரும் ஓடிகினு இருக்கறோம்." டீ ஆறிப்போயிற்று. நான் என்ன செய்ய முடியும், சொல். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று மாலையே இன்னொரு வேலை பார்த்தேன், அதையும் மறைக்கவில்லை. பழைய வரைபடத்தை விரித்து, அதன்மேல் டிரேசிங் தாளை வைத்து, எல்லையை அப்படியே விட்டு, பள்ளியின் கோட்டை மட்டும் பதினெட்டு டிகிரி தெற்கே திருப்பிப் புதிதாக ஒன்று வரைந்தேன். அதை உனக்கு அனுப்பினால் நீ ஒன்றும் அறியாமல் சரியான கோட்டில் வரைந்துவிடுவாய். ஏன் கோணலாக வருகிறது என்று யாராவது கேட்டால், இடவசதி, புது ரூல்ஸ், ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம். பள்ளியும் நேராகிவிடும், என் பேரும் கெடாது. தாளைச் சுருட்டி கூரியர் ஆபீஸ் வரைக்கும் போனேன். வழியில் ராசவேலு கொத்தனார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். வயசாகி முதுகு வளைந்துவிட்டது, வாய் வளையவில்லை.

"சார், மசூதி புதுசா கட்டறீங்களாமே? இந்த வாட்டியாவது பொழுத பாத்துக் கட்டுங்க" என்று சிரித்தார்.

முப்பத்தோரு வருடம் கழித்து! மனிதர் மறக்கவே இல்லை. எனக்கு என்ன ஆனதோ, நடுரோட்டில் அவர் சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டேன். "கொத்தனாரே, அன்னைக்கி நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் தப்பு" என்றேன். ஊருக்குள் நான் வாய்விட்டுச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. "தெரியும் சார். கட்டி முடிக்கற வரைக்கும் தெனம் பாத்துகினுதான் இருந்தேன். ஒங்க சாமி வூடு, நான் யாருகிட்ட போயி சொல்றது? நீங்க சொன்னாதான சார் உண்டு" என்றார். கையிலிருந்த சுருளைப் பார்த்து, "இன்னா சார் அது?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, பழைய பேப்பர்" என்று சொல்லித் திரும்பி வந்தேன். வந்து அதைக் கிழித்துப்போட்டேன்.

மதீனாவில் ஒரு சம்பவம் உண்டு, மக்தபில் உனக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். முதலில் முஸ்லிம்கள் ஜெருசலேமில் உள்ள பைத்துல் முகத்தஸ் பக்கம்தான் தொழுதுகொண்டிருந்தார்கள். கஃபா பக்கம் திரும்பச் சொல்லிக் கட்டளை வந்தது. செய்தி தெரியாத ஒரு பள்ளியில் விடியற்காலை சுபுஹு தொழுகை நடந்துகொண்டிருக்கிறது. ஒரு ஆள் வந்து, திசை மாறிவிட்டது என்று குரல் கொடுத்தார். தொழுகையில் நின்றவர்கள் நின்ற நிலையிலேயே அப்படியே திரும்பினார்கள். நேற்றுவரை தொழுதது என்னாவது, செத்துப்போனவர்கள் கதி என்ன என்று அவர்களுக்கும் கலக்கம் இருந்தது. உங்கள் ஈமானை, நம்பிக்கையை, அல்லாஹ் வீணாக்க மாட்டான் என்று அவர்களுக்குப் பதிலும் வந்தது. சின்ன வயதில் இதைக் கேட்கும்போதெல்லாம் அப்படியே திரும்பிய அந்த வரிசையை நினைத்துத்தான் வியப்பேன். இந்தப் பதினாறு வருடமாக எனக்கு அந்த வந்து சொன்ன ஆள்தான் நினைவில் நிற்கிறார். அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். அவரிடம் தப்பு ஏதும் இல்லை, அதனால் சுலபமாகச் சொன்னார் என்று நினைத்துச் சமாதானம் செய்துகொள்வேன்.

உனக்கு ஒரு புத்தி சொல்ல வேண்டும் என்றால் இதுதான். வேலையில் எந்தப் பதிவேட்டை எடுத்தாலும் முதல் பக்கத்தைப் படி. தப்பு என்று தெரிந்தால் தெரிந்த அன்றைக்கே சொல்லிவிடு. அந்த மே மாதம் நான் சொல்லியிருந்தால் பாயைத் திருப்பிப் போட்டு, கோடு மாற்றி நின்றிருப்பார்கள், பத்து நாள் கேலி பேசியிருப்பார்கள், அவ்வளவுதான். ஹஸ்ரத்தோடு நிழல் பார்த்த அந்த நாளுக்குப் பிறகு மையவாடியில் வைத்தவர்களையாவது சரியாக வைத்திருக்கலாம். உன் அம்மா அவர்களில் ஒருத்தி. சுல்தான் பாயின் பர்வீனும்தான்.

நீ அடுத்த வாரம் வியாழக்கிழமை வருகிறாய். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, கயிறு பிடிப்பதற்கு முன்னால், இந்தக் கடிதத்தை எல்லார் முன்னாலும் நீ வாசிக்க வேண்டும். ஒரு வரியும் விடாதே, முழங்கால் பட்டை உட்பட. பர்வீன் பெயர் வரும் இடத்தை மட்டும் வாசிக்காமல் தாண்டிவிடு. அதை நானே சுல்தான் பாய் வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன், சொல்லத்தான் வேண்டும். எப்படி என்று தெரியவில்லை. நீங்களே எழுந்து பேச வேண்டியதுதானே அத்தா என்று உனக்குக் கோபம் வரும். நியாயம்தான். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்த்தேன். முதல் வாக்கியத்தைத் தாண்டவில்லை. இதையும் ஒரு கோழைத்தனமாகவே எழுதிக்கொள், எழுபதுக்கு இன்னும் ஏழெட்டு வருடமே இருக்கும்போது இதற்குமேல் தைரியம் எங்கிருந்து வரும்? நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். அவர்கள் ஏசினால் ஏசட்டும், எழுந்து போனால் போகட்டும். ஓடமாட்டேன், அந்த ஒன்றை மட்டும் வாக்குத் தருகிறேன். கல்லை வேறு யாராவது வைக்கட்டும். கோட்டை நீ போடு, போட்டுவிட்டு ராசவேலுவைக் கூப்பிட்டு ஒருமுறை பார்க்கச் சொல்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதை வாசிக்க வேண்டாம், உனக்கு மட்டும். எனக்குக் குழி வெட்டும்போது சுவருக்கு நேராகக் கயிறு பிடிக்க விடாதே. சரியான கோட்டில் வெட்டச் சொல். உன் அம்மாவுக்கு மேற்குப் பக்கம் இடம் காலியாக இருக்கிறது, மோதினார் அங்கேதான் காட்டுவார். அங்கே வேண்டாம். கிழக்குப் பக்கம் வேப்பமரத்தை ஒட்டி ஒரு குழி அளவுக்கு இடம் இருக்கிறது, நேற்று டேப் பிடித்துப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே வெட்டினால் நான் கிப்லாவைப் பார்த்துப் படுக்கும்போது எனக்கு முன்னால் அவள் இருப்பாள். அவள் குழி ஒரு கோடு, என்னுடையது ஒரு கோடு, அதனால் கால்மாட்டில் விலகும். தலைமாட்டில் ஒரு முழம் நெருங்கும். இந்த முறை கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டேன்.